மூத்த மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை

எங்கள் ஊரில் பூனைகள் மாப்பிள்ளை முறை. எந்தப் பெண்ணைக் கட்டி மாப்பிள்ளை ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பூனை தானாக வீட்டுக்குள் வந்து, முன்னறையில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டால், வீட்டுப் பெண்கள் ஆலாத்தி சுற்றிப் பொட்டு வைப்பார்கள். அதற்கப்புறம் அவர் மாப்பிள்ளை. பூனை என்ற சொல்லை அவர் காதுபட யாரும் சொல்வதில்லை.

எங்கள் மாப்பிள்ளை ஓர் ஐப்பசி மழையில் வந்தவர். செம்பட்டை நிறம், இடது காது நுனியில் ஒரு கிழிசல். வந்தவர் ஈரக்காலோடு என் நாற்காலியில் ஏறி, தன்னைத்தானே சுற்றிப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். என் மனைவி சொர்ணம் மடமடவென்று ஆலாத்தி கரைத்தாள். ஊரில் பல வீடுகளில் வருஷக்கணக்காக வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நமக்குத் தானாக வாய்த்திருக்கிறதே என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் முக்காலியில் உட்காருகிறேன். முதுகுக்கு முக்காலிதான் நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அவரை அப்படிச் சொல்லவைக்க நான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை என்றால் முறுக்கு இருக்கும். நேற்று நக்கி நக்கிச் சாப்பிட்ட மீனை இன்று முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோலப் பக்கத்துத் தரையைப் பிறாண்டுவார். அது சொர்ணத்தின் சமையலைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம். சொர்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேறு மீன் வாங்க ஆள் அனுப்புவாள். அவருக்கென்று இலவம் பஞ்சில் மெத்தை தைத்துப் போட்டோம். அவர் மெத்தையைச் சுற்றிக்கொண்டு போய், கிரைண்டர் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டிக்குள் இறங்கிப் படுத்தார். நான் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக வேட்டியை இஸ்திரி போட்டு வைத்தால் அதன் மேல் படுப்பார். போகவில்லையென்றால் படுக்கமாட்டார்.

கதவு விஷயம்தான் எனக்குக் கஷ்டம். திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார். திறந்தால், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று நிலைப்படியில் நின்று யோசிப்பார். யோசித்து முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என்ன யோசனை என்று மாமனார் கேட்பது மரியாதை இல்லை.

எனக்குப் பஜாரில் அரிசிக் கடை. அரிசி இருக்கும் இடத்தில் எலி இருக்கும். மாப்பிள்ளைக்கு வேலை சொல்லும் பழக்கம் எங்கும் கிடையாது என்பதால், எங்கள் ஊரில் எலிகளை மாமனார்கள்தான் பிடிக்கிறோம். நான் வேட்டியை மடித்துக் கட்டி, முட்டி போட்டு, மூட்டை இடுக்கில் கையை விட்டுத் துழாவுவேன். அவர் கல்லாப்பெட்டியின் மேல் படுத்திருப்பார். கப்பல் கவிழ்ந்தாலும் அசையாதவர், நான் எலிக்குப் பின்னால் தவழ ஆரம்பித்தால் மட்டும் எழுந்து, சோம்பல் முறித்து, பக்கத்தில் வந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். எலி தப்பிவிட்டால் கண்ணை மெதுவாக மூடித் திறப்பார். அந்தப் பார்வைக்கு எலி கடித்திருந்தாலே தேவலை என்று இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள், செண்பகம். ரத்தம் பரிசோதிக்கும் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். வீட்டில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள்தான். வேலை முடிந்து வந்தால் நேராக நாற்காலியிடம் போய், "தள்ளுங்க" என்பாள். அவர் தள்ளுவார். அவள் உட்கார்ந்து போனைப் பார்க்கத் தொடங்கியதும் அவள் மடியில் ஏறி, அடிவயிற்றில் மோட்டார் ஓடுவதுபோல உறுமிக்கொண்டு தூங்குவார். காலையும் மாலையும் கைகட்டி நிற்கிற எங்கள் மடியில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. எனக்கு அது வருத்தம்தான். வருத்தம் என்ன, வயிற்றெரிச்சல்.

ஆனால் அவள் அவரைக் கவனிக்காமல் இல்லை. சாப்பிடும்போது, தலை வாரும்போது எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் அவரை முன்னறையில் வைத்துக்கொண்டுதான் பார்த்தோம். வந்தவர்களில் ஒரு என்ஜினியருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒரு வாத்தியாரின் செருப்புக்குள் வாந்தி எடுத்தார். அந்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. சிவசைலம் என்ற பையன் வந்தபோது அவர் எதுவுமே செய்யவில்லை. தூங்கினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சிவசைலத்துக்குச் சொந்த ஊர் மேற்கே, மலையடிவாரத்தில். அவர்கள் பக்கத்தில் நாய்கள் மைத்துனர் முறை. பெண் பார்க்க வந்தபோது இரண்டு மைத்துனர்களையும் அழைத்து வந்திருந்தார்கள். இருவரும் பழத்தட்டு வந்த வேன் பக்கத்தில் காவலுக்கு நின்றார்கள், கொடுத்ததைச் சாப்பிட்டார்கள், எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டினார்கள். முறை தெரிந்த குடும்பம் என்று எனக்குப் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா குற்றாலிங்கம் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். அம்மாதான் கொஞ்சம் பேசினார். தங்கள் வீட்டுக்கு வருகிற மருமகள் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் காப்பி போட்டுவிட வேண்டும், ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்கார வேண்டும், முன்னறை நாற்காலியில் உட்காரும் பழக்கம் பெண்களுக்கு இல்லை என்றார். சொர்ணம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கோ, பெற்ற பெண் போய் அங்கே யார் யாருக்கெல்லாம் எழுந்து நிற்கப்போகிறாளோ என்று இருந்தது.

அவர்கள் போன பிறகு செண்பகத்தைத் தனியாகக் கேட்டேன்.

"அவர எனக்குப் பிடிச்சிருக்குப்பா. பேசும்போது நாம சொல்லதக் கேக்காரு. இந்தக் கல்யாணம் நடக்கணும்" என்றாள்.

"அந்தம்மா பேசினதக் கேட்டேல்ல?"

"கேட்டேன்" என்று சொல்லி, நாற்காலியைப் பார்த்தாள். அவர் ஒரு காலை ஆகாயத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு முறை உண்டு. மணமேடையில் போட்ட மணையில் வீட்டின் மூத்த மாப்பிள்ளை முதலில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, மணை சூடான பிறகு, தானாக எழுந்து போக வேண்டும். அந்தச் சூட்டின் மேல்தான் பெண்ணும் பையனும் உட்காருவார்கள். அவர் உட்காராவிட்டால் கல்யாணம் இல்லை. உட்கார்ந்து எழுந்திருக்காவிட்டாலும் இல்லை. அவரைத் தூக்கக் கூடாது, விரட்டக் கூடாது, மணையையும் நகர்த்தக் கூடாது. போட்ட இடம் போட்ட இடம்தான். லாலாக் கடைக்காரர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணையிலேயே சுருண்டு உறங்கிவிட்டார். முகூர்த்தம் போய்விட்டது. வந்தவர்கள் சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பையனும் அவர்களோடு கிளம்பிவிட்டான். அந்தப் பெண் இன்னும் அப்பா கடையில் அல்வா நிறுத்துக் கொடுக்கிறாள். நன்றாகத்தான் நிறுக்கிறாள்.

அதனால் கல்யாணம் முடிகிறவரை மூத்தவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது என்று நானும் சொர்ணமும் பேசி வைத்திருந்தோம். கெடுத்தது நான்தான்.

நிச்சயம் முடிந்து சிவசைலத்தை விருந்துக்கு அழைத்திருந்தோம். சீலா மீன் குழம்பு. பந்தியில் மூத்தவருக்கும் ஓர் இலை போட்டு, அதற்குப் பக்கத்தில் சிவசைலத்துக்கு இலை போட்டிருந்தது. இருவரும் இப்போது சகலைகள் அல்லவா? மீனின் நடுத்துண்டு மூத்த மாப்பிள்ளைக்குத்தான் போக வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் கரண்டியைக் கையில் எடுத்ததும், இந்தப் பையன்தானே என் மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவன், இவன் மனசு குளிர்ந்தால் அவள் அங்கே நன்றாக இருப்பாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. கை அதுபாட்டுக்கு நடுத்துண்டைச் சிவசைலத்தின் இலையில் வைத்துவிட்டது.

சிவசைலமே சாப்பிடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான். மூத்தவர் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் இலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டார். நான் அவசரமாக இன்னொரு மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து வைத்தேன். அவர் எழுந்து, ஜன்னல் கட்டையில் ஏறி, வெளியே குதித்துப் போனார். எங்கே போனார் என்பது பாயசம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் என் பங்காளி ஆவுடையப்பன் வீட்டுக்குப் போயிருந்தார்.

ஆவுடையப்பன் என் பெரியப்பா மகன். அவருக்கும் எனக்கும் எல்லையில் நிற்கிற ஒரு தென்னை மரத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வீட்டுக்கு இதுவரை எந்த மாப்பிள்ளையும் வந்ததில்லை. கோயில் கமிட்டியில் அவரைக் கடைசி வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். இப்போது எங்கள் வீட்டு மாப்பிள்ளை அவருடைய சாய்வு நாற்காலியில். அன்றைக்கே ஆலாத்தி எடுத்தார்களாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர் முன் வரிசையில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த செம்பட்டை முடியை எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சமாதானம் செய்து கூட்டி வருவதற்கும் ஒரு முறை உண்டு. கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. வேறு வேலையாக வந்ததுபோல் வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவராக வந்து உரசும்வரை காத்திருக்க வேண்டும். நானும் சொர்ணமும் அவள் தம்பிகளும் தாம்பாளங்களில் நெத்திலியும் பாலும் எடுத்துக்கொண்டு போய், ஆவுடையப்பன் வீட்டு முன்னறையில் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தோம்.

"வா தம்பி. என்ன இந்தப் பக்கம்?" என்றார் ஆவுடையப்பன்.

வேறு வேலை ஒன்று வேண்டுமே. தென்னை மரத்தைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். பேசினோம். அவர் மரம் தன்னுடையது என்றார். பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டால் எழுந்து போகவேண்டி வருமே என்று, அப்படியானால் காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார். பின்னால் பால் நக்கும் சத்தம் கேட்டது. சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டாள். நெத்திலி கடிபடும் சத்தமும் கேட்டது. அதன் பிறகு மூத்தவர் நாற்காலிக்கே திரும்பி ஏறும் சத்தம் கேட்டது. அதற்குள் தென்னை மரம் ஆவுடையப்பனுக்குப் போய்விட்டிருந்தது. மரத்தடியிலிருந்த துவைக்கிற கல்லையும் நான் விட்டுக்கொடுத்திருந்தேன்.

"மாப்பிள்ளை உறங்குதாரு தம்பி. எழுப்பினா நல்லாருக்காது" என்றார் ஆவுடையப்பன், மிகவும் தணிந்த குரலில்.

அந்த நேரத்தில் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்விட்டு, செண்பகம் அங்கே வந்தாள். கையில் அந்தக் கிரைண்டர் அட்டைப்பெட்டி இருந்தது. கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது சொர்ணம் தூக்கிப் போட்டதை அவள் எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். வீட்டுக்குள் அவள் வரவில்லை. யாரையும் பார்க்கவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூத்தவர் நாற்காலியிலிருந்து இறங்கினார், முன்னறையில் எங்கள் எல்லோர் முதுகையும் கடந்து வாசலுக்குப் போனார், பெட்டியை முகர்ந்தார், இறங்கிப் படுத்தார். நானும் சொர்ணத்தின் தம்பி ஒருவனும் பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீடு வந்தோம். பெட்டியைத் தூக்குவது மாப்பிள்ளையைத் தூக்குவது ஆகாது. ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் மரத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை.

வீடு வந்ததும் அவர் பெட்டியை விட்டு இறங்கினார். தெருவே பார்க்கத் தூக்கி வந்த பெட்டி என்பதாலோ என்னவோ, அதற்கப்புறம் அதை அவர் சீண்டவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுவதும் சொர்ணம் செண்பகத்துக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே போய்ச் சாப்பாட்டில் குற்றம் சொல்லாதே, கூப்பிட்ட குரலுக்கு ஓடிப் போ, அழைக்காமல் யார் பக்கத்திலும் உட்காராதே, வாசலில் நின்று வேடிக்கை பார்க்காதே. செண்பகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் மடியில் அவர் உறுமிக்கொண்டிருந்தார்.

முகூர்த்த நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. ஆவுடையப்பன் எங்கள் மரத்துத் தேங்காய்கள் ஒரு சாக்கு கொண்டுவந்து மொய்யாகக் கொடுத்தார். மேடையில் மணை போட்டாயிற்று. மூத்தவர் முதலில் நாதஸ்வரக்காரரின் பெட்டியில் உட்கார்ந்தார். பிறகு போட்டோக்காரரின் பையில். பிறகு சம்பந்தியம்மாளின் பட்டுச்சேலைத் தலைப்பில். யாரும் அவரைப் பார்க்கவில்லை. முந்நூறு பேரும் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ, உட்காரக் கூடாது என்பதுபோல, மணையின் மேல் ஒரு துணியைப் போட்டார்கள். உடனே வந்து அதன் மேல் உட்கார்ந்தார். தவில்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மணை சூடாகியிருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை.

முன்னங்கால்களை மடித்து நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்தப் படுக்கை எங்களுக்குத் தெரியும். அப்படிப் படுத்தால் சாயங்காலம்தான். சொர்ணத்தின் தம்பி அவருக்கென்று வீட்டிலிருந்து எடுத்துவந்த மீனைத் தட்டில் கொண்டுவந்து தூரத்தில் வைத்தான். ஒரு காது மட்டும் திரும்பியது. ஒரு பந்தை உருட்டிப் பார்த்தார்கள். கதவைத் திறந்து பார்த்தார்கள். ஐயர் கைக்கடிகாரத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். லாலாக் கடைக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதில் கேலி இல்லை. அனுதாபம் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் செண்பகம் மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். என் மகள் அவ்வளவு அழகாக இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சீர்த்தட்டுகள் வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே பழத்தட்டு, பூத்தட்டு, கற்கண்டுத் தட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில் பட்டுத்துணி போர்த்திய ஒரு தட்டு இருந்தது. அதை அவள்தான் தன் கையால் கொண்டுவந்து வைத்தாள் என்று சொர்ணம் பிறகு சொன்னாள்.

"அப்பா" என்றாள் செண்பகம். "தொறங்க."

துணியை எடுத்தேன். என் கடை எலிப்பெட்டி. உள்ளே எங்கள் கடை எலி ஒன்று, பச்சரிசி தின்று கொழுத்தது, உட்கார்ந்திருந்தது. கழுத்தில் மஞ்சள் நூல் கட்டியிருந்தாள், சீர் என்பதால்.

எனக்குப் புரிந்துவிட்டது. பட்டுவேட்டி கட்டியிருந்தேன். பெண்ணின் தகப்பன் என்று சந்தன மாலை போட்டிருந்தேன். இரண்டு ஊர்ச் சனமும் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் முன்னால் தவழ்வதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அல்வா நிறுக்கிற அந்தப் பெண்ணை நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். பெட்டியின் கதவைத் தூக்கினேன்.

எலி மேடையிலிருந்து குதித்து முதல் வரிசை நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. நான் முட்டி போட்டேன். மாலை தரையில் இழுபட, நாற்காலிக் கால்களுக்கு நடுவில் தவழ்ந்தேன். மாவட்டத்து அரிசி வியாபாரிகள் சங்கத் தலைவர் எனக்கு வழிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார். சம்பந்தியம்மாள் சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார். எலி பந்திப் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். எனக்குப் பின்னால் மெல்லிய காலடிச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, சோம்பல் முறித்து, இறங்கி வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவார். அவர் அலுத்துப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒருமுறை கைக்கு வந்த எலியை வேண்டுமென்றே நழுவவிட்டேன்.

கெட்டிமேளம் கேட்டது. என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அப்போது பந்திப் பாய்ச் சுருளுக்குள் தோள்பட்டை வரை கையை விட்டிருந்தேன். யாருமே பார்க்கவில்லை, எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரரும் என்னைத்தான் எடுத்திருந்தார். எலி தப்பிவிட்டது. மூத்தவர் என் பக்கத்தில் நின்று, கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். பாய்ச் சுருளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே வரும்போது முகத்தில் அட்சதை ஒட்டியிருந்தது.

வேனில் ஏறும்போது செண்பகம் அழவில்லை. மைத்துனர்கள் இருவரும் அவள் பெட்டிக்குக் காவலாகப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். சொர்ணம் சொன்னதையே மறுபடி சொன்னாள். எனக்குச் சொல்லத் தெரிந்தது எலி பிடிப்பது ஒன்றுதான்.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். காலையில் மூத்தவர் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிலைப்படியில் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது. சம்பந்தி குற்றாலிங்கம். எப்போதும் தணிந்து பேசுகிறவர், இன்று இன்னும் தணிந்து பேசினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நேத்து நல்லாருக்குன்னு சாப்பிட்ட அவியல இன்னிக்கு மோந்து பாத்துட்டுத் தள்ளி வச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரி கண்ணத் தொடச்சுகிட்டு வேற சமைக்கா."

யார் என்று நான் கேட்கவில்லை. நாற்காலி எப்படி என்று மட்டும் கேட்டேன்.

வந்த அன்றைக்கே முன்னறைக்கு வந்து, இருந்ததிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்றார். அது அவருடைய நாற்காலியாம். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் மனைவி ஆலாத்தி எடுத்துப் பொட்டு வைத்துவிட்டாராம். அவர் இப்போது முக்காலியில் உட்காருகிறார். மைத்துனர்கள் இருவரும் அவள் நடந்து வந்தால் எழுந்து வழிவிடுகிறார்கள். சிவசைலம் அடுப்படியில் எலி பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் கூடவே போய் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பாளாம். மற்றபடி அவன் சந்தோஷமாக இருக்கிறான், அவன் மடியில் மட்டும் தானாக வந்து தலை வைத்துப் படுக்கிறாள் என்றார்.

"முக்காலி முதுகுக்கு நல்லது" என்றேன்.

"அது சரி அண்ணாச்சி. இப்ப வாசக்கதவத் தொறக்கச் சொன்னாங்க. தொறந்தேன். நிலைப்படியில நின்னு யோசிச்சுகிட்டு இருக்காங்க. நான் கதவப் பிடிச்சுகிட்டுத்தான் பேசுதேன். சாத்திரலாமா?"

"சாத்தாதீங்க. முகத்தப் பாக்காதீங்க. கை வலிச்சா மறு கையால பிடிங்க."

அவர் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. நானும் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். போனை வைக்க இருவருக்குமே மனசில்லை. உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டேன். மலையில் மேகம் கட்டியிருக்கிறது, சாயங்காலம் வரும் என்றார்.